சட்டைக்குக் காவல்

உடற்கல்வி ஆசிரியர்களைத் தயார் செய்யும் கல்லூரி ஒன்றில் நெடுங்காலமாகப் பாடம் சொல்லிவரும் நண்பர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஒரு கட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்து, "ஊரில் உள்ள புத்தகங்களையெல்லாம் குற்றம் சொல்கிறீர்களே, இதையும் படித்துவிட்டு ஏதாவது சொல்லுங்கள்" என்றார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் பி.பி.எட். பட்டத்துக்காக வகுத்துக் கொடுத்த பாடத்திட்டம் அது. இரண்டு வருஷம், நான்கு பருவம். மதிப்புரைக்கு எனக்கு நாவல் வரும், கவிதைத் தொகுதி வரும், சில சமயம் ஜோசியப் புத்தகம்கூட வந்திருக்கிறது. பாடத்திட்டம் வந்தது இதுதான் முதல் தடவை.

புத்தகம் படிப்பதில் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பேன். இதையும் அப்படியே படித்தேன். உடற்கல்வியின் சரித்திரமும் கொள்கைகளும் வருகின்றன. உடற்கூறு வருகிறது. யோகம் வருகிறது. ஒலிம்பிக் இயக்கம், விளையாட்டுப் பயிற்சி, விளையாட்டு மனோதத்துவம், விளையாட்டு மருத்துவம், நிர்வாகம், அளவீடு, புள்ளிவிவரம், கம்ப்யூட்டர் எல்லாம் வருகின்றன. சுகாதாரக் கல்வி முதல் பருவத்தில் கட்டாயத் தாளாகவே இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய்யாகும். ஆனால் உடல் தகுதி, நலவாழ்வு என்று இன்று மந்திரிகளிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரை எல்லோரும் பேசுகிற விஷயம் எங்கே என்று தேடிப் பார்த்தால், அது இரண்டாம் பருவத்தில் விருப்பப் பாடமாக நிற்கிறது. வேண்டாம் என்பவர் அதை விட்டுவிட்டு, விளையாட்டு வீரனின் ஆகாரமும் எடைக் கட்டுப்பாடும் என்ற தாளை எடுத்துக்கொள்ளலாம்.

இதுகூடப் பெரிய குறை இல்லை. தாளின் பெயரில் இல்லாதது வகுப்பில் இருக்கலாம். என்னை உறுத்தியது வேறு. இவ்வளவு பேர் வருகிற இந்தப் புத்தகத்தில் நான் தேடிய ஆளைக் காணோம். அவன் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த வழக்கு உண்டு, ஒளிப்பதில் பயனில்லை. சின்ன வயதில் எனக்கு இழுப்பு. மார்கழி, தை மாதங்களில் மூச்சு சீட்டி அடிக்கும். டிரில் வகுப்பு வந்தால் மற்றப் பையன்கள் சட்டையைக் கழற்றி வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தச் சட்டைகளுக்குக் காவல் நான். டிரில் வாத்தியார் கெட்டவர் அல்ல. "நீ உட்காரடா, உனக்கு எதற்கு இதெல்லாம்" என்று பரிவாகத்தான் சொன்னார். அந்தப் பரிவில் ஆறு வருஷம் மரத்தடியில் கழிந்தது. என்னோடு கால் சூம்பிய பையன் ஒருவன், மிகவும் பருமனாக இருந்த ஒருவன், மூக்குக் கண்ணாடி உடைந்தால் வீட்டில் அடி விழுமே என்று பயந்த ஒருவன். நாங்கள் நாலு பேரும் தனி வகுப்பு. எங்களுக்கு வாத்தியார் இல்லை.

பிற்காலத்தில் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்தது: இழுப்பு உள்ள பிள்ளை ஓடலாம், ஓடவும் வேண்டும். உடம்பை மெல்ல மெல்லச் சூடாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குளிர்ந்த காற்றிலும் புழுதியிலும் திடீரென்று விரட்டக் கூடாது. அவ்வளவுதான். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். அந்த இரண்டு நிமிஷப் பாடத்தை எங்கள் டிரில் வாத்தியாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்ததால்தானே எழுத்தாளன் ஆனாய் என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. மற்ற மூவரும் எழுத்தாளர்கள் ஆகவில்லையே!

பாடத்திட்டத்தில் நான் தேடியது இந்த நாலு பேரைத்தான். விளையாட்டு மருத்துவத் தாளில் வருகிற காயம், விளையாடுகிறவனுடைய காயம். விளையாட்டு மனோதத்துவத்தில் வருகிற பயம், போட்டிக்கு முன் போட்டியாளனுக்கு வருகிற பயம். பந்து தன்னிடம் வந்துவிடுமோ என்று பயப்படுகிற பெண்ணின் பயம் அதற்குள் அடங்காது. கற்பித்தல் முறை பற்றிய தாளிலாவது கிடைப்பார்களா என்று பார்த்தேன். பாடக் குறிப்பு எழுதுவது, வகுப்பை அணி அணியாக நிறுத்துவது, கட்டளை கொடுப்பது, செய்து காட்டுவது என்று போகிறது. அணியில் நிற்காதவனைப் பற்றிப் பேச்சில்லை.

இப்படி ஆனதற்குக் காரணம் வாசலிலேயே இருக்கிறது. இந்தப் படிப்பில் சேருவதற்கு 2014-ன் விதி என்ன சொல்கிறது என்றால், ஏதேனும் ஒரு பட்டத்தில் நூற்றுக்கு 50 மதிப்பெண் வேண்டும். அதோடு கல்லூரிகளுக்கிடையிலோ மாவட்ட அளவிலோ பள்ளி அளவிலோ போட்டிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும். வேறு சில பக்க வாசல்களும் உண்டு. அவையும் அநேகமாக மைதானத்திலிருந்தே திறக்கின்றன. இதற்குமேல் பல கல்லூரிகள் ஓடச் சொல்லியும் தாண்டச் சொல்லியும் பார்த்தே ஆளை எடுக்கின்றன. ஆக, சிறு வயதிலிருந்து எந்த வரிசையிலும் கடைசியாக நின்றறியாத ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுத்து, இரண்டு வருஷம் இன்னும் நன்றாக ஓட வைத்து, பிறகு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அந்த நாற்பதில் நன்றாக ஓடுகிறவர்கள் ஆறு பேர் இருக்கலாம். அவர்களைப் பார்த்ததும் இவனுக்குத் தன் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த ஆறு பேருக்கு அவன் நல்ல வாத்தியார். ஜோனல் போட்டிக்கு அழைத்துப் போவான், தன் கைக்காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுப்பான், அவர்கள் ஜெயித்தால் அழுதேவிடுவான். மற்ற முப்பத்து நாலு பேரின் முகம் அவனுக்குத் தெரியாது.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, பல காலமாகக் கேட்டுப் பழகியவர் போலச் சிரித்தார். "நீந்தத் தெரியாதவனை வைத்து நீச்சல் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்றார். இது சரியான கேள்வி. சங்கீதம் வராதவன் பாட்டு வாத்தியாராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடம்பு வணங்குகிறவன்தான் இந்த வேலைக்கு வர வேண்டும். வந்த பிறகு அவனிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

இந்த வழக்கில் எனக்குச் சாட்சி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அது நம் விவகாரத்துக்குச் சம்பந்தமில்லாத சாட்சி அல்ல என்பது போகப் போகத் தெரியும். மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்களைத் தயார் செய்கிற பள்ளி ஒன்று இருந்தது. 1891-ஆம் வருஷத்துக் குளிர்காலம். வெளியே பனி, உள்ளே ஜிம்னாஸ்டிக்ஸ். பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்பு, தண்டால் பஸ்கி வகையறாவைக் கண்டாலே முகம் சுளித்தது. அவர்கள் பிற்காலத்தில் காரியதரிசிகளாகப் போகிறவர்கள். உடம்பை முறுக்குவதில் ஆசை இல்லாத வளர்ந்த மனிதர்கள். இரண்டு ஆசிரியர்கள் அந்த வகுப்பை எடுத்துப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். பள்ளியின் உடற்பயிற்சித் தலைவராக இருந்த லூதர் குலிக், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். இவர்கள் விரும்பி ஆடும்படி ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு வா என்று அவருக்குக் கொடுத்த தவணை இரண்டு வாரம்.

நெய்ஸ்மித் நோஞ்சான் அல்ல. முரட்டுக் கால்பந்து ஆடியவர், பலசாலி. முதலில் தனக்குப் பழக்கமான ஆட்டங்களையே கூடத்துக்குள் கொண்டுவந்து ஆடவிட்டுப் பார்த்தார், சரிப்படவில்லை. பிறகுதான் உட்கார்ந்து யோசித்தார். ஆட்டத்தில் அடிபடுவது ஏன்? பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைத் தடுத்து விழத்தாட்டுவதால். அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது என்று வைத்துவிடலாம். பலசாலி ஜெயிப்பது ஏன்? இலக்கு அவன் முன்னால் செங்குத்தாக நிற்பதால், பலத்தோடு அடித்தால் போதும். இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்திப் படுக்கைவாட்டில் வைத்துவிட்டால், பந்தை மெதுவாக வளைத்துத்தான் போட வேண்டும்; பலத்தைவிட நிதானம் உதவும். பள்ளிக் காவல்காரர் கொண்டுவந்து கொடுத்த இரண்டு பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். கூடைப்பந்து பிறந்த கதை இதுதான். முதல் நாள் ஆட்டத்தில் மொத்தமே ஒரு தடவைதான் பந்து கூடையில் விழுந்ததாம். ஆனாலும் அந்த வகுப்பு மறுநாளும் வந்தது.

இன்னொரு கதையும் அதே பள்ளியைச் சேர்ந்தது. அங்கே படித்த வில்லியம் மார்கன் என்பவர், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநராக இருந்தார். அவரிடம் மாலையில் வந்தவர்கள் நடுவயது வியாபாரிகள். கூடைப்பந்து அவர்களுக்கு மூச்சு வாங்கியது. 1895-ல் மார்கன் நடுவில் ஒரு வலையைக் கட்டினார். ஆறரை அடி உயரம். எதிரணிக்காரன் உன்மேல் வந்து மோத முடியாது. ஓட வேண்டிய இடமும் கொஞ்சம்தான். பந்து கைக்கு வலித்தது. ஆகவே இலேசான பந்து ஒன்றைத் தனியாகச் செய்வித்தார். அடுத்த வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டில் அதை ஆடிக் காட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வைத்த பெயர்தான் வாலிபால். இன்று நம் கிராமங்களில் கோவில் திடலில் இரண்டு மூங்கிலை நட்டு மின்விளக்குப் போட்டு ஆடுகிற ஆட்டம், தொப்பை விழுந்த வியாபாரிகளுக்காக ஒரு வாத்தியார் கண்டுபிடித்தது என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவார்கள்?

இந்த இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் வைத்த பரீட்சை எது என்று பாருங்கள். நீ எவ்வளவு தூரம் தாண்டுவாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆட மறுக்கிற ஒரு வகுப்பைக் கொடுத்து, இவர்களை ஆட வை என்றார்கள். ஆள் ஆட்டத்துக்குப் பொருந்தாதபோது ஆட்டத்தை மாற்றினார்கள்.

இனி நம் ஊர் சம்பந்தம். அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்தவர்தான் ஹாரி க்ரோ பக். அவர் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியே இன்று நந்தனத்தில் கல்லூரியாக நிற்கிறது. அதற்கு முன்னால் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தேகப் பயிற்சி என்பது பெரும்பாலும் கவாத்துதான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு இங்கிலீஷில் கட்டளை கொடுப்பார்கள், பையன்கள் அர்த்தம் தெரியாமல் காலைத் தூக்கி வைப்பார்கள். கவாத்துக்குப் பதில் விளையாட்டு, பட்டாளத்துக்காரருக்குப் பதில் படித்த ஆசிரியர் என்பது பக் கொண்டுவந்த மாறுதல். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவுக்கு மானேஜராகப் போனவரும் அவரே. 1943-ல் இங்கேயே காலமானார். தென்னாட்டில் மூன்று தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்கள் நேராகவோ சுற்றியோ அவருடைய சிஷ்யர்கள். அவரைப் பற்றிக் குறைவாகப் பேசுவதற்கு எனக்கு வாய் வராது.

ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து எதை இறக்குமதி செய்தோம் என்ற கேள்வி இருக்கிறது. கூடைப்பந்து வந்தது. வாலிபால் வந்தது. அளவு குறிப்பிட்ட மைதானமும் விதிப்புத்தகமும் விசிலும் வந்தன. ஆளுக்குத் தக்கபடி ஆட்டத்தை மாற்றலாம் என்ற அந்த அசல் சரக்கு கப்பலில் ஏறவில்லை, அல்லது ஏறி இங்கே இறங்கவில்லை. ஒருவருடைய சலுகைக்காகப் பிறந்த விதிகளை நாம் சாஸ்திரமாக்கி, அந்தச் சாஸ்திரத்துக்குப் பொருந்தாதவனை மரத்தடிக்கு அனுப்பினோம்.

சுதந்திரம் வந்த பிறகு நிலைமை இன்னும் குழம்பியது. தேசத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற கவலை தலைவர்களுக்கு. 1954-ல் ஜெனரல் போன்ஸ்லே டில்லியில் அகதிக் குழந்தைகளிடையே தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். அது நாடெங்கும் பரவியது. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே உடற்கல்வி இருந்தது, சாரணர் இருந்தார்கள், மாணவர் படைகள் இருந்தன; எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்ததால், 1959-ல் குன்ஸ்ரூ தலைமையில் ஒரு கமிட்டி போட்டு ஆராயச் சொன்னார்கள். கமிட்டி 1963-ல் அறிக்கை கொடுத்தது. எல்லாவற்றையும் பிசைந்து 1965-ல் தேசியத் தகுதிப் படை என்று பெயர் வைத்தார்கள். தகுதிக்குப் படை! அந்தப் பெயரிலேயே பழைய ஹவில்தார் மறுபடியும் கொல்லை வழியாக வந்துவிட்டார். இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் யாராவது தாமதமாக வந்தால், தலைமுடியை ஒழுங்காக வெட்டிக்கொள்ளாவிட்டால், தண்டிக்கிற பொறுப்பு யாருடையது? பி.டி. மாஸ்டருடையதுதான். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடு என்பதுதான் தண்டனை. ஓடுவது நல்லது என்று காலையில் சொல்லிக்கொடுக்க வேண்டிய மனிதரே மாலையில் அதைத் தண்டனையாகக் கொடுத்தால், பிள்ளை எதை நம்பும்?

அளவெடுக்கும் ஆசை இன்னொரு வியாதி. இதற்கும் ஒரு கதை உண்டு. ஹான்ஸ் கிராஸ் என்று நியூயார்க்கில் ஒரு டாக்டர். முதுகுவலிக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். இடுப்பும் முதுகும் அன்றாட வாழ்வுக்குப் போதுமான அளவு பலமாக இருக்கின்றனவா என்று பார்க்க ஆறு எளிய சோதனைகளை வகுத்துக்கொண்டார். 1950-களின் முற்பகுதியில் அவற்றைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தபோது, அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தேறவில்லை. ஐரோப்பாவில் தேறாதவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஜனாதிபதி ஐசனோவர் பதறிப்போய் 1956-ல் ஒரு கவுன்சில் அமைத்தார். வைத்தியர் கேட்டது, இந்தப் பிள்ளைக்குக் குறைந்தபட்சம் வேண்டியது இருக்கிறதா என்று. 1958-ல் பள்ளிகளுக்கு வந்த சோதனையோ எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், எத்தனை தடவை என்று கேட்டது. 50 கெஜ ஓட்டமும் 600 கெஜ ஓட்டமும் அதில் உண்டு. 1966-லிருந்து முன்னணியில் நிற்கிற சிலருக்கு ஜனாதிபதியின் விருது. வைத்தியசாலைச் சோதனை பந்தயமாகிவிட்டது. 2012-13-ல் அதைக் கைவிட்டார்கள்; 2025-ல் மறுபடி கொண்டுவர உத்தரவு போட்டார்கள்.

நாமும் 1959-60-ல் தேசிய உடல் திறன் இயக்கம் என்று நடத்திப் பார்த்தவர்கள்தான். 2019-ல் வந்த கேலோ இந்தியா சோதனையில், நாலாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம். எங்கேயோ பார்த்த முகமாக இல்லையா? கெஜம் மீட்டராகியிருக்கிறது. இவற்றோடு உயரமும் எடையும் பார்த்து ஆசிரியர் கைப்பேசியில் பதிய வேண்டும். சோதனையில் தப்பில்லை, பிள்ளையின் எடை தெரிய வேண்டியதுதான். ஆனால் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தியை வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க எடைக்கருவியில் ஏற்றி, எண்ணை உரக்கப் படித்து, இன்னொரு பெண்ணை எழுதச் சொல்லும் ஆசிரியரை நான் பார்த்திருக்கிறேன். எடை எடுக்க அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தப் பயிற்சி கொடுக்கவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு விளையாட்டு வகுப்பு நாளில் எத்தனை தடவை தலைவலி என்று சொல்லியிருப்பாள் என்பதை எந்தக் கைப்பேசியும் பதியாது. 2016-ஆம் வருஷ நிலவரப்படி உலகத்தில் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு உடம்பை அசைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 85. நாளைக்கு ஒரு மணி நேரம் என்பது அவர்கள் வைத்த அளவு. இந்த 85-ல் எத்தனை பேரை மைதானமே விரட்டியிருக்கும் என்று யாராவது கணக்குப் பார்க்கலாம்.

நலவாழ்வு என்ற சொல்லுக்கு வருகிறேன். 2020-ல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்ப் பள்ளி நலவாழ்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், கூடுமானால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், நலவாழ்வுத் தூதர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். 11 தலைப்புகள்: வளர் பருவம், மன நலம், ஆகாரம், போதைப் பொருள், பாதுகாப்பு, இன்டர்நெட் என்று போகின்றன. தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது; இதைத் தாராளமாகவே பாராட்டலாம். ஆனால் இந்தத் தூதர் உடற்கல்வி ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அறையில் உட்கார வைத்து உடம்பைப் பற்றிப் பேசுகிறவர் ஒருவர், வெயிலில் நிறுத்தி உடம்பை அசைக்கச் சொல்கிறவர் இன்னொருவர் என்று பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது. வயசுக்கு வந்த பெண் அந்த மூன்று நாள் மைதானத்துக்கு வரலாமா என்ற கேள்விக்கு, அறையில் ஒரு பதிலும் மைதானத்தில் வேறு பதிலும் கிடைத்தால் அவள் எதையும் செய்யாமல் உட்கார்ந்துவிடுவாள்.

தொடக்கப் பள்ளியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த விமரிசனம் பாதிதான். அங்கே பெரும்பாலும் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் கிடையாது; அ-ஆவன்னா சொல்லிக்கொடுக்கிறவரே ஓடிப்பிடிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உடம்பு எதை எதைக் கற்றுக்கொள்ளுமோ அதெல்லாம் அவர் கையில். அவருக்கான பட்டயப் படிப்பில், குழந்தைகளின் உடல் நலம், மன நலம் பற்றிய பகுதியைத் தேசியக் குழுமம் சேர்த்திருந்தது. பி.பி.எட். பாடத்திட்டத்தில் நான் தேடிய பிள்ளை அங்கே தட்டுப்பட்டான்! பசி என்றால் என்ன, மதிய உணவு என்ன செய்கிறது, நோயாளிப் பிள்ளை படிப்பில் பின்தங்குவது ஏன் என்று கேட்கிற பகுதி அது. காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுகிற பிள்ளையைச் சோம்பேறி என்றும், வெயில் தாங்காதவன் என்றும் நாம் திட்டிய காலம் உண்டு. அவன் ராத்திரி சாப்பிட்டதோடு வந்தவன். தமிழ்நாட்டில் 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டி போட ஆரம்பித்தார்கள். உடல் தகுதிக்காக இங்கே நடந்த காரியங்களில் அதற்கு நான் உயர்ந்த இடம் கொடுப்பேன். பொங்கலும் உப்புமாவும் எந்தப் பாடத்திட்டத்திலும் தாளாக வராவிட்டாலும்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் என்றுதான் போட்டிருக்கிறது. அதன்படி 2012-ல் தமிழ்நாட்டில் ஆட்களை எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். உடம்பும் பகுதி நேரம் வேலை செய்கிற வஸ்து என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துக்கொண்டார்கள் போலும்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள் என்று நண்பர் கேட்டார். நான் யோசனை சொல்லும் உத்தியோகத்தில் இல்லை. ஆனாலும் எங்கள் தெருவில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். தெருவில் சடுகுடு, நொண்டி, கிளித்தட்டு ஆடும்போது, சின்னப் பயல் ஒருவன் தானும் ஆட வேண்டும் என்று அழுதால், அவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் எல்லோரோடும் ஓடலாம், கத்தலாம். பிடிபட்டால் அவுட் இல்லை. அவன் தொட்டாலும் கணக்கில்லை. பெயர் மட்டமான பெயர்தான். ஆனால் வாத்தியார் இல்லாத அந்தப் பிள்ளைகள், வாத்தியார் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தைவிட மேலான ஒரு வழியைக் கண்டிருந்தார்கள். மரத்தடிக்கு அனுப்பாமல் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அவன் தொட்டதும் கணக்கில் வரும்படி கோட்டை எங்கே போடலாம் என்று யோசிப்பது மட்டுமே பாக்கி. அந்த மிச்ச வேலைக்குத்தான் கல்லூரி வேண்டும், பட்டம் வேண்டும், இரண்டு வருஷம் வேண்டும்.

அந்த இரண்டு வருஷத்தில் ஒரு மாதம், எல்லோரும் இடது கையாலேயே பந்தெறியட்டும் என்றேன். மாகாணத்துக்கே எறிபந்து வீரனாக இருந்தவன் தன் பந்து எங்கோ போய் விழுவதையும், நாலு பேர் சிரிப்பதையும் ஒரு தரம் அனுபவிக்கட்டும். இழுப்பும் சர்க்கரையும் வலிப்பும் உள்ள பிள்ளைகளைப் பற்றி, ஆஸ்பத்திரிக்கே போய் ஒரு வாரம் கற்றுக்கொள்ளட்டும். கடைசியில் பரீட்சைக்கு, ஓட்டக்காரர்களைக் கொடுக்க வேண்டாம். சட்டைக்குக் காவல் இருக்கிறவர்களை ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் கூட்டி வந்து, இருபது பேரை நிறுத்தி, ஒரு பந்தைக் கொடுத்து, இவர்கள் நாளைக்கும் தாங்களாகவே வரும்படி ஏதாவது செய் என்று சொல்லட்டும். நண்பர் சிரித்துவிட்டு, "இருபது பேரைச் சேர்ப்பது கஷ்டமில்லை" என்றார்.

பிறகு ஒரு நாள் என்னை அழைத்துப் போனார். நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவருடைய மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். நண்பர் கையில் மதிப்பெண் தாள்: உடை, குரல், அணிவகுப்பு, செய்து காட்டல், விதிகள் என்று கட்டங்கள். வாலிபால் சர்வீஸ் பாடம். எட்டாம் வகுப்புப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அடித்தார்கள். ஒல்லியான ஒரு பெண், தாவணி மாதிரி துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டவள், மூன்று தடவை அடித்தாள். மூன்றும் வலைக்கு இப்பாலேயே விழுந்தன. வரிசையில் சிரிப்புக் கிளம்பிற்று. பாடம் நடத்திய பயிற்சி மாணவி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். நிஜக் கோட்டிலிருந்து நாலு தப்படி முன்னால். "இங்கே நின்று அடிம்மா. இன்று யார் வேண்டுமானாலும் இந்தக் கோட்டிலிருந்து அடிக்கலாம்" என்றாள். உடனே வரிசையில் பாதிப் பேர் முன்னால் வந்துவிட்டார்கள்.

நண்பரின் பென்சில் விதிகள் என்ற கட்டத்துக்கு மேல் நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். பந்து வலையின் மேல்கயிற்றில் உராய்ந்து அந்தப்புறம் விழுந்தது. அந்தப் பெண் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றாள். மறுபடி அவள் முறை வந்தபோது மண்ணில் கிழித்த கோட்டைக் குனிந்து பார்த்தாள். யாரும் சொல்லாமலே அதிலிருந்து ஒரு தப்படி பின்னால் போய் நின்றுகொண்டு, பந்தைக் கேட்டாள்.